வரவேற்பறை மீன்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆலைக்காக நீ போட்ட பசுமை அறிக்கையில் ஏற்கெனவே வேண்டிய அளவு பொய் இருப்பதால் அதை விட்டுவிட்டேன். நீ நலமா என்று கேட்கவும் தேவையில்லை. மூன்று பக்கம் வைது எழுதும் தெம்பு உனக்கு இருக்கிறது.

சுற்றுச்சூழல் பரிசு தர வந்த குழு முன்னால் ஆலையின் மானத்தை வாங்கிவிட்டேன் என்கிறாய். வாளியில் நான் கொண்டுவந்தது வேறு ஏதோ தண்ணீர் என்று மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் என் வேலை தப்பும், உன் பதவி உயர்வும் தப்பும் என்கிறாய். நடந்ததை மேனேஜர் வாயால் கேட்டிருப்பாய். என்னிடமும் கேள்.

இப்போது வரவேற்பறையில் இருக்கும் அந்த மீன் தொட்டியை முதலில் வைத்தவள் நான். துண்டுக்குச் சாயம் போட்ட தண்ணீரைச் சுத்தம் செய்து ஓடைக்கு விடும் வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். வெளியேறும் குழாயின் வாயில் தொட்டியை வைத்து, அந்தத் தண்ணீரிலேயே நாலு மீன் விட்டேன். மீன் துள்ளினால் ஓடைக்குத் திறப்பேன், மயங்கினால் மூடுவேன். மேனேஜர் ஒருநாள் பார்த்தார், அழகாக இருக்கிறது என்றார், தூக்கிக்கொண்டு போய் வரவேற்பறையில் வைத்துவிட்டார். அடியில் கூழாங்கல், மேலே விளக்கு, உள்ளே வாங்கிய கேன் தண்ணீர். பக்கத்தில் ஒரு பலகை: 'எங்கள் கழிவுநீரில் வாழும் மீன்கள்'. அந்த வாசகம் உன்னுடையதாம். உன்னைப் படிக்க வைத்ததற்கு நல்ல பலன்.

அதோடு விட்டதா? சாயத்தைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களுக்கு மூச்சு வேண்டும். அதற்காகத்தான் தண்ணீருக்குள் காற்று ஊதும் மூன்று ப்ளோயர் ஓடின. இரண்டை நிறுத்தச் சொன்னார் மேனேஜர். நுண்ணுயிர்கள் செத்தன, தண்ணீர் நாறியது, நான் ஆறு முறை எழுதிக் கொடுத்தேன். நீ என்ன செய்தாய்? பதினான்காம் பக்கத்தில் அதை 'மின்சாரச் சிக்கனம்' என்று போட்டு, ஓரத்தில் ஒரு பச்சை இலையும் வரைந்திருக்கிறாய். வீட்டில் ஒருத்தர் மூச்சை நிறுத்தினால் சாப்பாடுகூட மிச்சம்தான். எனக்குத் தெரியாது அக்கா என்று எழுதியிருக்கிறாய். தெரியாமல் இல்லை, நீ கேட்கவில்லை.

குழு வந்த அன்று, அவர்களில் வயதான அம்மா ஒருத்தர் தொட்டியருகே நின்று, "இது நிஜமாவே ஆலைத் தண்ணியா?" என்று கேட்டார். மேனேஜர் மார்பில் கை வைத்து, "சத்தியமா அம்மா, குழாய்லேருந்து நேரா வருது" என்றார். நான் போய்க் குழாயில் ஒரு வாளி பிடித்து வந்தேன். தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கிறது சார், ஊற்றட்டுமா என்று மரியாதையாகத்தான் கேட்டேன். ஊற்றவில்லை, சும்மா சாய்த்தேன். அதற்குள் மனிதர், "ஐயோ ஊத்தாத, செத்துப்போயிரும்!" என்று கத்திவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அந்த அம்மா குறிப்புப் புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்பினார். இதில் நான் எங்கே வருகிறேன்? வாளி தூக்கியதற்கா மன்னிப்பு?

இயற்கையைக் காப்பாற்ற நீங்கள் மாநாடு கூட்ட வேண்டாம், வழவழப்பான தாளில் புத்தகம் போட்டு அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறையும் மாட்ட வேண்டாம். அந்த இரண்டு சுவிட்சையும் போட்டால் போதும். நம் ஓடை அதற்கு மேல் கேட்கவில்லை.

இனி வீட்டு விஷயம். இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஓடையோரக் கிணற்றுத் தண்ணீரை அம்மா குடிக்காமல் நிறுத்தி வைத்திருந்தேன். கேன் வாங்கிப் போட்டேன். நீ அனுப்பிய அறிக்கை வந்தது. அதில் மீன் படம் போட்ட அட்டையை அம்மா கிழித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டினாள். மறுநாளே கேனை ஓரம் தள்ளிவிட்டுக் கிணற்றில் வாளியை இறக்கினாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். "மீனே உசுரோட இருக்கு, எனக்கென்னடி? எம்புள்ள பொய்யா எழுதுவான்?" என்றாள். ப்ளோயர் கதையைச் சொன்னேன். எனக்கு உன் மேல் பொறாமை என்றாள். இருபது நாளாக அதைத்தான் குடிக்கிறாள். நேற்று வயிறு எரிகிறது என்று படுத்திருந்தாள், கேட்டால் வெயில் சூடு என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

நான் சொல்லி அவள் கேட்க மாட்டாள். நீ சொன்னால்தான் கேட்பாள். போனில் சொல்லாதே, அக்காதான் சொல்ல வைத்தாள் என்பாள். நேரில் வா. சுவரில் இருக்கும் அந்தப் படத்தைக் காட்டி உனக்கும் ஒரு சொம்பு மொண்டு நீட்டுவாள். அவள் எதிரில் நின்று முழுசாகக் குடித்துவிடு, நீ கேட்ட மன்னிப்புக் கடிதத்தில் அப்போதே கையெழுத்துப் போடுகிறேன். குடிக்க முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று அவளிடம் உன் வாயாலேயே சொல்.

நீ நூறு வயது நன்றாக இரு. அவளும் இருக்கட்டும். சீக்கிரம் வா.

இப்படிக்கு,
உன் அக்கா