பெட்டியும் பாட்டிலும்

மார்ச் 4, செவ்வாய்

நேற்று இவருக்கு நுரையீரலில் கட்டி இருந்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். விலாவில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். அது கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலுக்குள் போகிறது. பாட்டிலிலிருந்து இன்னொரு குழாய் சுவருக்கு. கட்டிப்போட்ட மாடு மாதிரி கிடக்கிறார்.

பக்கத்துக் கட்டில்காரருக்கும் இதே ஆபரேஷன்தான். ஆனால் அவருக்குப் பாட்டில் இல்லை. கைப்பை அளவில் ஒரு பெட்டி, அதில் எண் எரிகிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வராண்டாவில் மாப்பிள்ளை மாதிரி உலாத்துகிறார். வார்டில் அந்தப் பெட்டி ஒன்றுதானாம். முதலில் வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

நாங்கள் எதில்தான் முந்தியிருக்கிறோம்?

மார்ச் 5, புதன்

பெட்டி நல்லதா, பாட்டில் நல்லதா என்று டாக்டரிடமே கேட்டுவிட்டேன். இரண்டும் ஒரே வேலைதான், நெஞ்சுக்குள் தேங்கும் காற்றையும் நீரையும் வெளியே எடுக்கும், பெட்டி எண்ணில் காட்டும், பாட்டிலை நாங்கள் கண்ணால் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் என்றார். அவ்வளவுதானாம். அவர் விலாவில் குழாய் இருந்தால் தெரியும்.

சாயங்காலம் பக்கத்துக் கட்டில்காரரின் மகள் வந்தாள். வேலை முடிந்து நேராக இங்கேதான் வருகிறாள். அப்பாவுக்குத் தலை வாரிவிட்டாள். "ஏம்ப்பா, பெட்டியத் தூக்கிட்டு ஊர்கோலம் போனீங்களாமே" என்று சிரித்தாள்.

நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். பெட்டியையாவது கேட்டு வாங்கலாம்.

மார்ச் 6, வியாழன்

ஒரு நல்ல விஷயம். இவர் இருமினால் பாட்டிலில் குபுகுபுவென்று குமிழி வருகிறது. அங்கே பெட்டியில் வெறும் சைபர். அதை அவர் மனைவி, அந்த அம்மாள், பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறாள். பாவம், விவரம் தெரியவில்லை. இவர் மூச்சு கண்ணுக்கே தெரிகிறது, அவள் வீட்டுக்காரருக்கு ஒன்றுமே இல்லை.

இருமுங்க, இன்னும் நல்லா இருமுங்க என்று நாள் முழுக்க விரட்டினேன். "கொல்லாதடி" என்றார். சிஸ்டரோ, இப்படித்தான் இரும வைக்க வேண்டும் என்று என்னைப் பாராட்டினார். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். மனசு குளிர்ந்தது.

மார்ச் 7, வெள்ளி

குமிழி குறைந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

மார்ச் 8, சனி

காலையில் குமிழியே இல்லை. இரும வைத்தேன் — இல்லை. மறுபடி — இல்லை. மூச்சு போச்சு, மூச்சு போச்சுன்னு கத்திக்கிட்டு ஓடினேன். அன்னைக்கும் இப்படித்தானே ஓடினேன், அவளுக்காக. யார் வந்தா?

சிஸ்டர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "குமிழி வந்தா நுரையீரல்ல ஓட்டை இருக்குன்னு அர்த்தம்மா. நின்னா அடைஞ்சிடுச்சு. இதுக்குத்தானே இத்தனை நாளா காத்துட்டு இருந்தோம்."

அப்படியென்றால் ஓட்டையைப் பார்த்தா நான் குளிர்ந்துபோனேன்? அந்த அம்மாளின் சைபர்தான் நல்ல சைபரா?

இவருக்குச் சிரிப்பு வந்து தையல் வலித்தது. "என் ஓட்டைய வச்சு நீ பெருமையடிச்சிருக்க" என்றார்.

நான் கத்தியதைக் கேட்டு அந்த அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்க பொண்ணுக்கு லீவு கிடைக்கலையாமே. அவ இருந்தா உங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்றாள்.

எந்தப் பொண்ணு? எங்களுக்கு இருந்தது ஒருத்திதான். போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள்.

இவர்தான் சொல்லி வைத்திருக்கிறார். வெளியூரில் வேலையாம். மேலதிகாரி விடமாட்டேன் என்கிறானாம். நான் குளிக்கப் போகும்போது போன் பண்ணுகிறாளாம்.

கோபம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. பக்கத்துக் கட்டிலோடு பேசும்போதெல்லாம் இவருக்கு அவள் இருந்திருக்கிறாள். எனக்கு மட்டும் இல்லாமல் போனாள். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாரா?

மார்ச் 9, ஞாயிறு

இவரிடம் எதையும் கேட்கவில்லை. கேட்டால் நிறுத்திவிடுவார்.

மார்ச் 11, செவ்வாய்

மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஒரே இழுப்பில் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். பக்கத்துக் கட்டில்காரருக்குக் காற்று நின்றும் நீர் வடிவது நிற்கவில்லையாம். இன்னும் பெட்டியோடுதான் இருக்கிறார். கடைசியில் நாங்கள்தான் முந்தினோம். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். அந்தப் பெண் தானாகவே எங்கள் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"அக்கா இப்பவாவது வர்றாங்களா ஆன்ட்டி?"

இவர் முகம் வெளுத்தது. வாயைத் திறந்தார். அதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"நேத்தே வந்துட்டாம்மா. வீட்டைப் பெருக்கி வச்சிட்டு உக்காந்திருப்பா."

வண்டியில் இவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரு திரும்பிய பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவளாவது, பெருக்கிறதாவது. துடைப்பம் எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாது கழுதைக்கு."

"உங்க செல்லம்" என்றேன்.

வீடு தூசியாகக் கிடந்தது. நானேதான் பெருக்கினேன். கட்டிலில் படுத்துக்கொண்டே அவளைத் திட்டிக்கொண்டிருந்தார், எனக்கும் கேட்கிற மாதிரி.