ராக்கெட்காரனின் கால் அளவு

மாப்பிள்ளை,

இன்று மத்தியானம் உன் அக்கா சமைக்கவில்லை. பிரியாணி வாங்கி வரச் சொன்னாள். கடையில் பொட்டலம் கட்டுகிறவன் வெள்ளிப் பூச்சுத் தாளைச் சுருளிலிருந்து சர்ரென்று இழுத்துக் கிழித்தான். சூடான சோறு அதில் விழுந்ததும் சீரகச் சம்பா வாசனை கிளம்பியது. நான் கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன். சிரிப்பு முடியுமுன்னே கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவர் மசாலா நெடி என்று நினைத்திருப்பார்.

நம்முடைய முதல் ராக்கெட்காரனை அந்தத் தாளில்தானே செய்தோம். பாப்பாவின் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. மற்ற பிள்ளைகள் வழக்கம்போல முண்டாசும் மீசையுமாக வந்தார்கள், ஒரு குழந்தை கத்தரிக்காயாக வந்தது. என் தங்கமான ஆலோசகர் நீ, மருமகளை நிலாவுக்கு அனுப்பியே தீருவது என்று ஒற்றைக் காலில் நின்றாய். நாகல் நகரில் என் தையல் கடையின் முன்பாதியில் மிக்சி ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு நிலா எப்படிப் புத்தியில் ஏறியதோ தெரியாது. தெரிந்த பிரியாணிக் கடையிலிருந்து மிச்சச் சுருள் ஒன்றைத் தூக்கி வந்தாய். நான் அதைப் பழைய பாவாடைத் துணியில் ஒட்டித் தைத்தேன். அந்தச் சுருள் பல மாதம் அடுப்படியிலேயே கிடந்தது என்பது நம் இருவர் மூக்குக்கும் எட்டவில்லை. எட்டாதுதான். பரம்பரையாக அந்த வாசனையில் வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். மேடை விளக்கின் சூட்டில் பாப்பா கையைத் தூக்கி வணக்கம் சொன்னதும் முதல் வரிசைப் பிள்ளைகள் "பிரியாணி, பிரியாணி" என்று கத்தத் தொடங்கிவிட்டார்கள். பரிசு கத்தரிக்காய்க்குப் போனது. ஆனால் அடுத்த வாரமே நாலைந்து தாய்மார் கடைக்கு வந்து, தங்கள் பிள்ளைக்கும் அதே மாதிரி வேண்டும், வாசனை மட்டும் வேண்டாம் என்றார்கள்.

அப்படித்தான் நம் கடை இரண்டு தொழிலும் கெட்டு மூன்றாவது தொழிலுக்குள் போனது. உன் அக்கா அப்படித்தான் சொல்வாள். ஜாக்கெட் தைக்கக் கொடுத்தவர்கள் வந்து நின்றால், என் மெஷினில் பச்சை நிற வேற்றுக்கிரகவாசியின் வால் ஓடிக்கொண்டிருக்கும். உன் மேசையில் திறந்து போட்ட மிக்சிக்குப் பக்கத்தில் ரோபோவின் மண்டை மினுக் மினுக்கென்று எரியும். இருபது லிட்டர் தண்ணீர் கேனை அறுத்து விளிம்பைத் தேய்த்து நீ தலைக்கவசம் செய்ததைப் பார்த்து, கேன் போடுகிறவன் காலி கேனைத் திருப்பிக் கேட்கவே பயந்தான்.

இரண்டாவது தவறு ரோபோவில் நடந்தது. அட்டைப்பெட்டி உடம்பை நான் பின்னால் இழுத்துத் தைத்து மூடிவிட்டேன். பார்க்க லட்சணமாக இருந்தது. ஆனால் அந்தப் பையனால் உட்கார முடியவில்லை, ஒன்றுக்கும் போக முடியவில்லை, அதை வெளியே சொல்லவும் வெட்கம். மேடையில் நின்றபடியே அழுதான். உள்ளே அழுவது வெளியே யாருக்கும் தெரியவில்லை. ரோபோ நன்றாக நடிக்கிறது என்று கைதட்டினார்கள். நீ ஒருவன்தான் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு மேடையேறிப் பெட்டியைக் கையாலேயே கிழித்தாய். அன்று நீ சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்தாய். எந்த உடுப்பும் வெளியே போகுமுன் அதன் தலையை நீ மாட்டிக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருப்பாய். மூச்சு வருகிறதா, கண் தெரிகிறதா, கூப்பிட்டால் காது கேட்கிறதா என்று பார்ப்பாய்.

"வெளிய நிக்கிறவனுக்கு அழகுதேன் தெரியும் மச்சான். வேர்க்கிறது உள்ள இருக்கவனுக்குத்தேன் தெரியும்" என்பாய்.

வாடிக்கையாளர்கள் வரும் நேரத்தில் கடை வாசலில் கேனைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு நெட்டையன் சும்மா உட்கார்ந்திருப்பதை ஊரே பார்த்துப் பழகிவிட்டது. பெண் பார்க்கப் போன வீட்டிலும் உன் பெயருக்கு முன்னால் அந்தக் கேன் போய் நின்றது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, ராக்கெட்டில் போகிறவர்களுக்குச் சட்டை தைக்கிறோம் என்று நீ சொன்னதும், அவர்கள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் எனக்கு இன்னும் ஆறவில்லை. உனக்கு அன்றே ஆறிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தாய்.

பெரியவர்களுக்கென்று நாம் செய்த உடுப்புகளில் நல்லது உன்னுடையதுதான். கார் கவர் துணியில் தைத்தது. உள்ளே மெல்லிய ஃபோம் ஒட்டி, முட்டியில் வளையம் வைத்து, கேனுக்குள் பழைய கம்ப்யூட்டர் விசிறி ஒன்றைப் பொருத்தி நீயே உனக்கென்று ஆசைப்பட்டுச் செய்துகொண்டது. அளவு எடுக்கும்போது நாற்காலி மேல் ஏறித்தான் உன் தோளைத் தொட்டேன். கார் கவர் துணியில் ஊசி பட்ட ஓட்டை மூடாது, ஒரு தடவைதான் தைக்க முடியும் என்று பயந்து பயந்து தைத்தேன். பாப்பாவின் பிறந்த நாளுக்கு அதைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினாய். தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் உன் பின்னால் வந்தார்கள். அவ்வளவு சந்தோஷமான மனிதனை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஐப்பசி மழையில் நெஞ்சு வலிக்கிறது என்று நீ ஆட்டோவில் ஏறியதும், திரும்பி வராததும் உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

அந்த உடுப்பைக் கடைச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். முழங்கை மடிப்பும் முட்டி மடிப்பும் நீ கழற்றிப் போட்ட மாதிரியே இருந்தன. அதைத் துடைக்கக்கூட நான் யாரையும் விடவில்லை. புதிதாக ராக்கெட் உடுப்பு கேட்டு வந்தவர்களுக்கு, இப்போது செய்வதில்லை என்று சொல்லி அனுப்பினேன். ஜாக்கெட் தைப்பவனாக நல்ல பிள்ளையாகத் திருந்திவிட்டேன்.

பங்குனியில் நெய்க்காரப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்தார். குட்டையான, உருண்டையான மனிதர். மகனுக்கு மஞ்சள் காமாலை வந்து பிழைக்குமா என்று இருந்தபோது, குணமானால் மாரியம்மன் திருவிழாவில் வேஷம் போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். கரடியோ, போலீஸோ, பொம்பளை வேஷமோ போட்டிருந்தால் பிரச்சினை இல்லை. மனிதர் செய்த காரியம், என்ன வேஷம் என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிட்டார். அது ராக்கெட்காரன் என்று சொல்லிவிட்டது. சாமிக்கு முன்னால் சொன்ன சொல்லை மாற்றக்கூடாது. நாளை மறுநாள் திருவிழா. யாரோ நம் கடையைக் காட்டியிருக்கிறார்கள்.

"ஏனுங்க, அந்தா தொங்குதுங்களே, அதக் குடுத்தீங்கன்னாப் போதுமுங்க" என்றார்.

அது விற்பனைக்கு இல்லை என்றேன். சும்மா போட்டுவிட்டுத் தருவதாகச் சொன்னார். உங்கள் உயரத்துக்குச் சரிவராது என்றேன். போட்டுப் பார்க்கிறேனே என்று கெஞ்சினார். காலை மடித்துவிட்டேன். உள்ளே ஃபோம் இருப்பதால் மடிப்பு தடித்து, நாலடி வைத்ததும் தடுக்கி மேசையைப் பிடித்துக்கொண்டார். முட்டி வளையம் ஒரு சாண் கீழே இறங்கிக் கிடந்தது. வெட்டினால்தான் ஆகும். வெட்டினால் உன் உடம்பு அதிலிருந்து போய்விடும், மாப்பிள்ளை. கத்திரிக்கோலை எடுத்தேன், வைத்தேன். அந்த மனிதர் ஒன்றும் புரியாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த உன் அக்கா நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். விஷயத்தை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தூக்கை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அவன் இருந்திருந்தா இந்நேரம் வெட்டிக் குடுத்துட்டு அடுத்த வேலையப் பாத்திருப்பான். நீங்கதேன் கத்திரியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீக" என்றாள்.

வெட்டினேன். அடியில் ஒரு சாண், இரண்டு காலிலும். வளையத்தை மேலே ஏற்றித் தைத்தேன். இடுப்பில் பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தேன். பழைய ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. அது உன் அளவு இருந்த இடம்.

எல்லாம் முடிந்து கேனை அவரிடம் கொடுக்கப் போனவன் கொடுக்கவில்லை. யார் உட்கார்ந்து பார்ப்பது? நானே மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். விசிறி இன்னும் ஓடுகிறது. உள்ளே தெரு நீலமாக இருந்தது, ஆட்டோச் சத்தம் தூரத்தில் கேட்டது, என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. இத்தனை வருஷம் நீ உட்கார்ந்திருந்த இடம் இதுதானா என்று இருந்தது. உன்னைப் பார்க்க வேண்டும்போல இருந்தது, அவ்வளவுதான். உன் அக்கா கேனை விரலால் தட்டி, மூச்சு முட்டப் போகிறது, கழற்றுங்கள் என்றாள். அழுவது வெளியே தெரியவில்லை என்று நினைத்தேன். அவள் உன்னோடு பிறந்தவள், என் தோளைப் பார்த்திருப்பாள்.

திருவிழா முடிந்து அவர் பாப்பாவின் போனுக்கு வீடியோ அனுப்பியிருந்தார். கரடிகளுக்கும் காளிகளுக்கும் நடுவே நம் ராக்கெட்காரன் தீச்சட்டிக்காரர்கள் பின்னால் நடந்து போகிறான். அந்தப் பையன் அப்பாவின் கையுறையைப் பிடித்துக்கொண்டு யாரையும் சட்டை செய்யாமல் நடக்கிறான். பின்னாலிருந்து எடுத்தது. உடுப்பு உன்னுடையது, நடை உன்னுடையதில்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் அடுத்த அடியில் நீ நடப்பாய் என்று ஒரு நொடி காத்திருக்கிறேன். உடுப்பைத் திருப்பித் தர அவர் வந்தபோது, பையனிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போது மறுபடி ராக்கெட் உடுப்பு தைக்கிறேன். பாப்பா ஒயர் வேலை பழகிவிட்டாள். கேனை மாட்டிக்கொண்டு வாசலில் உட்காருவது நான்தான்.

வெட்டி விழுந்த அந்த இரண்டு சாண் துண்டுகளையும் மேசை இழுப்பறையில் எடுத்து வைத்தேன். மற்ற மனிதர்களைவிட நீ எவ்வளவு உயரம் என்பது அதில் இருக்கிறது. கடை பெருக்க வந்த உன் அக்கா அவற்றைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டாள். ஒட்டுப் போட உதவும் என்றேன். கொஞ்ச நேரம் அவற்றைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"ஒட்டுப் போட ஒண்ணு போதும்ல. இன்னொண்ண எங்கிட்டக் குடுங்க" என்றாள்.