மார்ச்சுக்குத் தள்ளிவைத்த பயணம்

அக்டோபர் 17, வியாழன்

அத்தையின் பயணம் ஒருவழியாக முடிவானது. நவம்பர் 9 கல்கத்தா சியால்டா ஸ்டேஷனிலிருந்து ராத்திரி ரயில். மறுநாள் காலை நியூ ஜல்பைகுரி. அங்கிருந்து பிகாஷ் என்ற டிரைவரின் காரில் டீஸ்டா ஆற்றை ஒட்டியே மேலே ஏறி காலிம்போங், பெடாங். அங்கே மூன்று நாள். பிறகு சிக்கிம் பக்கம் ஜுலுக் வரைக்கும். அந்தப் பாதையின் வளைவுகளைப் படத்தில் எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். பாகீரதி அத்தைக்கு வயது எழுபத்திரண்டு.

நியூ டவுனில் ஒரு முழுக் கம்பெனிக்கும் டிக்கெட், ஓட்டல், வண்டி எல்லாம் ஏற்பாடு செய்வதுதான் என் வேலை. ஆனாலும் அத்தை ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டாள். பாங்கு ஆபீசராக இருந்தவள், அப்படித்தான்.

பெடாங்கில் ஏன் மூன்று நாள் என்று கேட்டேன். "டோமா இருக்கா" என்றாள். அத்தை காலிம்போங் கிளையில் இருந்தபோது டோமா அங்கே கிளார்க்காம். டோமாவின் பெண் பேமா இப்போது வீட்டிலேயே ஹோம்ஸ்டே நடத்துகிறாள். ரூம் போட்டது அங்கேதான். வருவதைப் பேமா அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

"நீயே ஒரு போன் பண்ணிப் பேசேன் அத்தை."

"முப்பத்தேழு வருஷமா பேசலை. போன்ல ஆரம்பிக்க வராது."



அக்டோபர் 22, செவ்வாய்

அத்தை விழுந்துவிட்டாள். வலது கணுக்கால்.

ஜுலுக் போக வேண்டிய பெர்மிட்டுக்கு போட்டோ "இன்னிக்கே வேணும்" என்று காலையில் போனில் சொன்னது நான்தான். மழைத் தூறலில் ஸ்டுடியோவுக்குக் கிளம்பியிருக்கிறாள். அவள் வீட்டுப் பக்கத்திலேயே, டாக்குரியா பாலத்துப் படியில் வழுக்கல். யாரோ இரண்டு பேர் தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார்களாம். நாளைக்கு என்று சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. பெர்மிட்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

அக்டோபர் 24, வியாழன்

ஆபரேஷன் ஆயிற்று. தகடு, ஆறு திருகு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது. மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "ஒன்பதாம் தேதி?"

அக்டோபர் 29, செவ்வாய்

அத்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. நாற்காலியோடு தூக்கினார்கள். எதிர் ஃபிளாட் சுப்ரியாதிதான் பகலில் பார்த்துக்கொள்கிறாள்.

படுக்கையில் உட்கார்ந்தபடியே தேதி பேசினாள்.

"டிசம்பர் கடைசின்னா ஒம்பது வாரம் ஆயிடும். போலாமோல்லியோ?"

"ஜுலுக்ல பனி கொட்டும் அத்தை. பாதையை மூடிடுவா."

"ஜுலுக் வேண்டாம். பெடாங் மட்டும் போதும்."

"குளிர்ல தகடு வலிக்கும். மார்ச்ல போனா நடக்கவே நடப்பே. நானும் கூட வரேன்."

"சரி, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றாள். பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் ரத்து செய்து மார்ச் 22க்கு மாற்றினேன். பிகாஷிடம் சொன்னேன், பேமாவிடம் சொன்னேன். நல்ல வேலை செய்த திருப்திகூட இருந்தது.

டிசம்பர் 20 நாங்கள் குடும்பத்தோடு லீவுக்குப் பெங்களூர் போகிறோம். டிக்கெட் ஆகஸ்டிலேயே போட்டது. அதை அத்தையிடம் சொல்லவில்லை. சொல்ல அவசியம் என்ன இருக்கிறது?

டிசம்பர் 10, செவ்வாய்

எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது. வாக்கரோடு நடக்கலாம். அத்தை வெளியே சக்கர நாற்காலியில் இருக்கும்போது டாக்டரிடம் சும்மாதான் கேட்டேன், மலைப்பாதையில் காரில் போகலாமா என்று. "காலை நீட்டி வைத்து, நடுநடுவே நிறுத்திப் போனால் போகலாம்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் அத்தையிடம் அதைச் சொல்லவில்லை. தேதிதான் முடிவாகிவிட்டதே.

டிசம்பர் 13, வெள்ளி

ஆபீசில் இருக்கும்போது பேமா போன் செய்தாள். டோமாவுக்கு நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது. வீட்டிலேயே ஆக்சிஜன். "மார்ச் வரைக்கும் தாங்குமான்னு தெரியலை தீதி. பாகி எப்போ வரான்னு தினம் கேக்கறா. முடிஞ்சா இந்த மாசமே கூட்டிண்டு வாங்களேன்" — இந்தியில் சொன்னாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது.

போனிலாவது பேசட்டுமே என்றேன். டோமாவுக்குக் காது சுத்தமாகக் கேட்காதாம். இரண்டு வார்த்தைக்கே மூச்சு வாங்குகிறதாம்.

பார்க்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். உடனே சியால்டா வண்டியைத் தேடினேன். 17ஆம் தேதி இரண்டு இடம் இருந்தது. திரும்பி வர 22. பெங்களூர் டிக்கெட் 20.

அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

டிசம்பர் 14, சனி

சொல்லிவிடலாம் என்றுதான் டாக்குரியா போனேன். அத்தை வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். தானே காப்பி போட்டதில் அவளுக்கு ஒரே பெருமை. ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்திருந்தாள்.

"பெடாங்லேர்ந்து ஏதாவது போன் வந்துதா?" சாதாரணமாகக் கேட்டாள்.

"இல்லையே அத்தை."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் வந்துவிட்டது. சொன்னால் அவள் அன்றைக்கே பெட்டி கட்டுவாள், வழியில் கால் ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு... அவள் நல்லதுக்குத்தானே. ஆமாம், நல்லதுக்குத்தான்.

டிசம்பர் 20, வெள்ளி

ஏர்போர்ட். கூட்டம் தாங்கவில்லை. அந்த விஷயத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜனவரி 8, புதன்

பேமாவுக்குப் போன் பண்ண வேண்டும். நாளைக்கு.

ஜனவரி 19, ஞாயிறு

பேமாவின் மெசேஜ். டோமா இன்று காலை ஐந்தரைக்குப் போய்விட்டாள்.

ஜனவரி 20, திங்கள்

லீவு போட்டுவிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். டோமா போய்விட்டதைச் சொன்னேன். அழவில்லை. கட்டுப் போட்டிருந்த காலை மடியில் தூக்கி வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்படியே தானாகப் பேசினாள்.

"எண்பத்தேழுல தனி மாநிலம் கேட்டு மலையெல்லாம் கலவரம். பந்த் மேல பந்த். டோமா ஆத்துக்காரரைப் போலீஸ்ல பிடிச்சுண்டு போயிட்டா. எனக்குக் கல்கத்தாவுக்கு மாத்தல் வந்தது. பேமாவுக்கு ஆறு வயசு. 'ஒரே ஒரு வருஷம் இவளை அழைச்சுண்டு போ, ஏதாவது ஹாஸ்டல்ல சேத்துடு'ன்னா. கேட்டு எழுதறேன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"கேக்கவே இல்லை. கல்யாணமாகாதவ, ஒரு குழந்தையைக் கையில பிடிச்சுண்டு வந்து நின்னா ஆத்துல என்ன சொல்வாளோன்னு பயம். எங்கேயும் இடமில்லைன்னு லெட்டர் போட்டேன். அவ பதில் எழுதினா. அலைஞ்சு விசாரிச்சதுக்கு ரொம்ப தேங்க்ஸ்னு. நான் அதுக்கு மேல எழுதலை."

பிறகு சொன்னாள்: "நவம்பர்ல போயிருந்தா சொல்லியிருப்பேன். என் காலு."

உன் கால் இல்லை அத்தை. நான்தான். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கழுவினேன். சுத்தமாக இருந்ததையும் கழுவினேன்.

பயணத்தை ரத்து செய்துவிடவா என்று கேட்டதற்கு, "எதுக்கு? பேமா இருக்காளே" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அங்கே போனால் டிசம்பரில் எனக்குப் போன் பண்ணியதைப் பேமா சொல்வாள். அதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். இன்றைக்கும் போனேன், இன்றைக்கும் சொல்லவில்லை. காருக்குப் பதிலாகப் பெரிய வண்டி கொண்டுவரும்படி பிகாஷிடம் ஏற்பாடு செய்தேன், காலை நீட்டிக்கொள்ள. எனக்கு இதுதான் வரும்.

மார்ச் 23, ஞாயிறு — பெடாங்

காலையில் டீஸ்டாவைத் தாண்டியதும் சொல்ல ஆரம்பித்தேன். "அத்தை, டிசம்பர்ல..." என்றேன். அதற்குள் பிகாஷ் வண்டியை நிறுத்தி, கால் வலிக்கிறதா என்று அவளைக் கேட்டான். அதோடு விட்டுவிட்டேன். விட ஒரு சாக்கு கிடைத்தது.

பேமா என் வயதுக்காரி. இழுத்துப் பின்னிய ஜடை, ஸ்வெட்டர், அத்தையைப் பார்த்ததும் குனிந்து காலைத் தொட்டாள். வெயில் விழும் வராந்தாவில் டீ கொண்டுவந்து வைத்தாள். டோமாவின் கட்டிலை இன்னும் எடுக்கவில்லை.

பேச்சுவாக்கில்தான் சொன்னாள். "டிசம்பர்ல அம்மா ரொம்பக் கேட்டா ஆன்ட்டி. நான் ரஞ்சனா தீதிக்குப் போன்கூடப் பண்ணினேன்."

நான் கப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அத்தை என் பக்கம் திரும்பவில்லை. "ஆமாம்மா, சொன்னா" என்றாள் இந்தியில். "எனக்குத்தான் கால் சரியில்லை. வர முடியலை."

பேமா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அத்தை ஹாஸ்டல் விஷயத்தைப் பேமாவிடம் சொன்னாள், ஒன்றும் விடாமல். நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது இருவரும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள்.

மார்ச் 24, திங்கள்

காலையில் ரூமில், காலில் கிரேப் பாண்டேஜ் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏன்னு மட்டும் சொல்லு."

நூறு பதில் யோசித்து வைத்திருந்தேன். "பெங்களூர் டிக்கெட் போட்டிருந்தேன்" என்றேன்.

பாண்டேஜை முடித்துக் கிளிப்பை மாட்டினாள். "என் காலுக்காகன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

டாக்குரியா போனேன். நாளைக்கு வருஷப் பிறப்பு, வடை தட்டிக் கொடுத்தாள். பேசினாள், கேட்டதற்கு. பிசியோவுக்கு இனிமேல் வண்டி நான் புக் பண்ணட்டுமா என்றேன். "வேண்டாம், நானே பண்ணிக்கறேன். கத்துண்டுட்டேன்."

மே 20, செவ்வாய்

மத்தியானம் சுப்ரியாதி போன் பண்ணினாள். அத்தை வீட்டுக் குழாய் ஒழுகிக் கீழ் வீட்டுக்காரர் சத்தம் போடுகிறாராம். சாவி தன்னிடம் இருக்கிறது, ஆளைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள்.

"அத்தை எங்கே?"

"நேத்து ராத்திரி பெடாங் போனாளே. உனக்குத் தெரியாதா?"

தெரியாது என்று சொல்லவில்லை. எப்போது வருவாள் என்று கேட்டேன்.

"திரும்பி வர டிக்கெட் போடலைன்னு சொன்னா" என்றாள் சுப்ரியாதி.

குழாய்க்காரனை அனுப்பச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். அத்தைக்கு போன் பண்ணவில்லை. நேற்று ராத்திரி சியால்டாவிலிருந்து கிளம்பிய வண்டிகளை என் மேஜைக் கணினியில் பார்த்தேன். மூன்றும் இன்று காலை சரியான நேரத்துக்கு நியூ ஜல்பைகுரி சேர்ந்திருக்கின்றன.