மைனாவின் முன்னங்கால்கள்

22 ஜூலை 2025, செவ்வாய்

மைனா இன்று அரை மணி நேரம் வெளியே நடந்தாள். கல்யாண சாரட்டில் கட்டி ஓட்டி, நொண்டியானதும் சமயபுரம் தாண்டிச் சென்னை ரோட்டில் யாரோ அவிழ்த்துவிட்டுப் போன குதிரை. எட்டு மாதத்தில் தோள்புண் முழுதும் ஆறிவிட்டது. கொள்ளிடக் கரையில் இந்தக் காப்பகத்துக்கு நான் வைத்தியம் பார்க்க வந்து இருபத்திரண்டு வருடம். ஆளைக் கண்டாலே சுவரோடு ஒட்டிக்கொண்டு இப்படி நடுங்கிய குதிரையைப் பார்த்ததில்லை. இப்போதும் குதிரைகளைப் பராமரிக்கும் ஜெகபர் அலி பாய் கைக்கு மட்டும்தான் தலையைக் கொடுப்பாள். எனக்குப் பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன்.

பாயிடம் இன்று சத்தம் போட்டுவிட்டேன். மருந்து கூடுதலாக இருக்கிறதே என்றார். "டாக்டர் நானா, நீங்களா? குடுக்கச் சொன்னதைக் குடுங்க. கேள்வி கேக்காதீங்க." ஜட்கா ஓட்டிய குடும்பம், குதிரையோடு வளர்ந்த மனிதர். மருந்தை எடுத்துக்கொண்டு போனார். மூக்கு மேல் கோபம் எனக்கு என்று ஜோதி சொல்வாள். கட்டிக்கொண்டவள், அவளுக்குத் தெரியாதா?

24 ஜூலை, வியாழன். ஆடி அமாவாசை

காலையில் அம்மா மண்டபத்தில் அப்பாவுக்குத் தர்ப்பணம். மூன்று வருடமாக விட்டுப்போனது. ஜோதி இந்த முறை விடவில்லை. காவிரியில் தண்ணீர் நிறைய. கூட்டத்தில் செருப்பு போய்விட்டது. வெறுங்காலோடு காப்பகம் வந்தேன். போன் மேல் போன்.

25 ஜூலை, வெள்ளி

மைனா தீவனத்தைத் தொடவில்லை. லத்தி தண்ணீராகப் போகிறது. புளித்த வாடை. நாடி அறுபத்தெட்டு; குதிரைக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது.

தானியத்தை அதிகம் தின்ற குதிரைக்குத்தான் இந்த வாடை வரும். அப்படியானால் உடனே கால்களை ஐஸில் வைக்க வேண்டும். தாமதித்தால் குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் சதை விட்டுப்போகும், பிறகு குதிரை நிற்காது. ஆனால் இங்கே இருக்கும் தானியம் கொள்ளு மட்டும்தான், அந்த மூட்டையின் தையல்கூடப் பிரிக்கவில்லை. பாயிடம் கேட்டேன்.

"நேத்து என்ன குடுத்தீங்க?"

"நீங்க குடுத்ததைத்தான் சார்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல சார்."

அப்படியென்றால் எப்போதும்போலப் புல்லும் தவிடும்தான். புதுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ? வயிற்றுக்கு மருந்து கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறேன். நாளை தெளிந்துவிடுவாள்.

26 ஜூலை, சனி

தெளியவில்லை. முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கிறாள். குளம்பைத் தொட்டால் கொதிக்கிறது. தானியம்தான்! மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வரவழைத்து, கால்களை ஐஸ் வாளிகளில் நிறுத்தினேன். ஒன்றரை நாள் வீணாகிவிட்டது. நேற்றே வாடை வந்ததே, சந்தேகத்துக்காவது ஐஸ் வைத்திருக்கலாமே? மூட்டையைப் பார்த்தேன், மூக்கை நம்பவில்லை.

மறுபடி பாயிடம் போனேன். எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது, எவ்வளவு? அதே பதில். நீங்க குடுத்ததைத்தான் சார்.

"பொய் சொல்றீங்க பாய். ஒரு உசுரு போவுது, நின்னு பொய் சொல்றீங்க! வெளிய போங்க."

கயிற்றை ஆணியில் மாட்டினார். மைனாவை ஒரு தடவை பார்த்தார். போய்விட்டார்.

மைனா என் கைக்குத் தலையைக் கொடுக்கவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

ஜோதி துவைக்கத் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, அமாவாசை அன்னிக்கு அரிசி கட்டிக் குடுத்தேனே, அந்த மஞ்சப்பை எங்க?"

பை.

விட்டுப்போன மூன்று வருடத்துக்கு, வருடத்துக்கு ஒரு படி என்று மூன்று படி பச்சரிசி. கூடவே அச்சுவெல்லம். அப்பா பேரில் பசுவுக்குக் கொடுக்கச் சொன்னாள். அம்மா மண்டபக் கூட்டத்தில் பசுவை எங்கே தேடுவது? காப்பகத்துக்குப் பக்கத்தில் வீராயி மாடு வைத்திருக்கிறாள், அங்கே கொடுக்கலாம் என்று எடுத்துவந்தேன். பாய் மைனாவுக்கு உடம்பு தேய்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. பையை அவர் கையில் திணித்தேன். என்ன சொன்னேன்?

"பாய், அப்பா பேர்ல. குடுத்துடுங்க."

யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லவே இல்லை.

இந்த நோட்டில் வியாழக்கிழமையைப் புரட்டிப் பார்த்தேன். செருப்பு போனதை எழுதியிருக்கிறேன். பையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பீமநகருக்கு, பாய் வீட்டுக்குப் போக வேண்டும். எந்த முகத்தோடு போவேன்?

28 ஜூலை, திங்கள்

போனேன். பாயின் மனைவி ஷரபுன்னிசா கதவைத் திறந்தார். "ரெண்டு நாளா சரியா சாப்பிடல டாக்டர்."

மாட்டுக்கு என்று சொல்ல மறந்துவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு அரிசி குதிரைக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா சார்? கேக்க வாயெடுத்தேன். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதானே கேள்வி கேக்காதீங்கன்னீங்க. அதுவும் உங்க அப்பா பேர்ல வந்தது. எங்க வீட்ல செத்தவங்க பேர்ல ஃபாத்திஹா ஓதின சோறு மாதிரி. அதைப் போயி வேணாம்னு எப்படிச் சொல்றது? ஒரு வேளைதானே, டாக்டருக்குத் தெரியாததான்னு குடுத்துட்டேன்."

"அரிசின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாய்?"

"உங்களுக்குத் தெரியும்னுதானே சார் இருந்தேன். நீங்க கேக்கக் கேக்க... எம்மேல பழியப் போடத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன்."

என்னைப் பற்றி அவர் அப்படி நினைக்கும்படிதான் இத்தனை வருடம் நடந்திருக்கிறேன்.

பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவரைக் கண்டதும் மைனா காதை முன்னால் திருப்பினாள். அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு காலிலும் எலும்பு கீழே இறங்கியிருக்கிறது.

30 ஜூலை, புதன்

ஆற்று மணல் கொட்டிப் படுக்க வைத்தோம். எழவில்லை. வலி மருந்து மூன்று மணி நேரம்கூடத் தாங்கவில்லை. இன்னும் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று தள்ளுகிறேன். அவளுக்காகவா, எனக்காகவா?

1 ஆகஸ்ட், வெள்ளி

குளம்பின் அடியைத் துளைத்துக்கொண்டு எலும்பு தெரிந்தது. இனி வைத்திருப்பது பாவம். பதினோரு மணிக்கு ஊசி போட்டேன். பாய் அவள் தலையை மடியில் வைத்துக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டார். நரம்பு முதல் தடவை கிடைக்கவில்லை. வேதனை தீர்ந்தது என்று எல்லோரிடமும் சொல்வேனே, இன்று அது வாயில் வரவில்லை. அழுதேன்.

பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'டாக்டர் அரைகுறையாகச் சொன்ன உத்தரவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாய் எட்டிப் பார்த்தார். "எம்பேரையும் எழுதுங்க சார்."

எழுதவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

பாய் பழையபடி வருகிறார். சனிக்கிழமை ஒரு வெள்ளைக் குதிரை வந்திருக்கிறது; இடது கண் தெரியாது. மற்றவை மேயப் போயிருந்ததால் லாயத்தில் அது ஒன்றுதான் நின்றது. புல்கட்டைப் பிரித்துப் பாய் கையில் கொடுத்து, "குடுத்துடுங்க பாய்" என்றேன். பழக்க தோஷம்.

பாய் நகரவில்லை. இரண்டு கையிலும் புல்லோடு என் முகத்தைப் பார்த்தார்.

"யாருக்கு சார்?"

வெள்ளைக் குதிரைக்கு என்று சொன்னேன். அப்புறம்தான் போனார்.