ராஜாவும் தண்ணி டேங்க்காரனும்

வைகாசி 12, திங்கள்

காலையிலிருந்து தூறல். புதூர்நாட்டில் இந்த மாதத்தில் இப்படி என்றால் கீழே இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வீட்டுக்காரர் சேகர் (இனி சுருக்கமாக சே.) ஜீப்பில் ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் போயிருக்கிறார். வீட்டில் நானும் பாதி அறுத்த பலாப்பழமும்.

பேசக்கூடாது. குரல் நாணில் இருந்த கட்டியைப் போன வாரம் வேலூரில் எடுத்தாயிற்று. "குசுகுசுன்னு கூடப் பேசாதீங்கம்மா, அது இன்னும் மோசம்" என்றார் டாக்டர். கட்டி பரிசோதனைக்குப் போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை தெரியும். அதுவரை சிலேட்டு, சைகை, இந்த டைரி.

இந்த வார வேலை:
– பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் லீவு எழுதித் தரணும்.
– சனி, தி.பத்தூர் கல்லூரியில் நாடகப் பட்டறை. கட்டுரை. தலைப்பு அவர்களே கொடுத்தது: பழைய நாடகத்திலும் புதிய நாடகத்திலும் வீழும் நாயகர்கள். நான் எழுத, கூத்தில் என்னோடு ஆடும் பரிமளா வாசிப்பாள்.
– ஞாயிறு விடியலில் ஒடுகத்தூர் பக்கம் கூத்து. கடைசி நாள். ராஜா வேஷம். எட்டு வருஷமாக என் வேஷம். யார் போடுவது?
– உளுந்து வாங்கணும்.
– அழக்கூடாது. அழுதால் தொண்டை இறுகும்.

வைகாசி 13, செவ்வாய்

கட்டுரை ஆரம்பித்து நாலு முறை அடித்தாயிற்று. 'வீழ்ச்சி என்பது' என்று தொடங்கினால் தூக்கம் வருகிறது. எனக்கே வந்தால் பிள்ளைகளுக்கு?

எனக்குத் தெரிந்த இரண்டு ஆட்களை வைத்து எழுதலாம். இரண்டு பேருமே நான்தான்.

முதல் ஆள், கூத்து ராஜா. தோளில் கட்டை, தலையில் கிரீடம், கழுத்து திரும்பாது. மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கக் கத்தவேண்டும். நாடு போகும், தம்பிமார் போவார்கள், கடைசியில் களத்தில் விழுவான். விழும்போதும் அத்தனையையும் பேர் சொல்லிச் சொல்லி விழுவான். ஊரே சுற்றி நிற்கும்.

இரண்டாவது ஆள், எங்கள் குழுவின் புது நாடகத்தில் வரும் தண்ணி டேங்க்காரன். நானே எழுதி, நானே நடிப்பது. ஊர்க் கிணறு வற்றிவிட்டது என்று அவனுக்கு மட்டும் தெரியும். ஆனாலும் தினமும் காலையில் மோட்டாரைப் போடுவான். சத்தம் கேட்டால் சனம் குடத்தைத் தேய்த்துக் குழாயடியில் வைக்கும். வெறும் மோட்டார் எத்தனை நாள் ஓடும்? எரிந்துபோகும். அவன் சாவதில்லை. டேங்க் அடியில் உட்கார்ந்து, கேட்பவர்களிடம் எல்லாம் "நாளைக்கு வந்துரும்" என்பான். விளக்கு அணையும்.

ராஜாவுக்கு எத்தனை பக்கம் வசனம். இவனுக்கு ஒரு வரி.

உளுந்து வரவில்லை. சே. மறந்துவிட்டார்.

வைகாசி 14, புதன்

மழை விட்டது. பக்கத்து வீட்டில் சாமை காயப்போட்டிருக்கிறார்கள். கோழி விரட்ட வாயைத் திறந்து, கையால் மூடிக்கொண்டேன். கோழி என்னை மதிக்கவே இல்லை.

பேசாத ஆளுக்குக் காதும் கேட்காது என்று சனத்துக்கு நினைப்பு. மளிகைக்கடையில் என் முன்னாலேயே:
"டீச்சருக்கு இன்னாவாம்?"
"தொண்டையில கட்டியாம். அதான் அந்த மாதிரி கட்டி."
"பாவம். கத்திக் கத்தி ஆடுனாங்க."

'அந்த மாதிரி.' உளுந்து வாங்காமலேயே திரும்பி வந்துவிட்டேன்.

மத்தியானம் கட்டுரைக்கு ஒன்று தோன்றியது. கூத்து பார்க்க வரும் அத்தனை பேருக்கும் ராஜா சாவான் என்று தெரியும். தெரிந்துதான் பிள்ளைகுட்டியோடு பாய் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அவன் ஒருத்தன்தான் ஜெயிப்போம் என்று நின்றுகொண்டிருப்பான். டேங்க்காரன் கதை தலைகீழ். அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். சுற்றி இருக்கிற யாருக்கும் தெரியாது.

வேலூரில் ஏதோ ஒரு மேசையில் என் கட்டியைக் கண்ணாடியில் வைத்துப் பார்க்கிற ஒருவருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. நான் ராஜா.

வைகாசி 15, வியாழன்

பரிமளா ஒடுகத்தூரிலிருந்து வந்தாள். மாம்பழம், உளுந்து (அவளிடம் யார் சொன்னது?). ராஜா வேஷத்தை அவள் போடவேண்டும் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். எப்போதும் எனக்கு ராணி அவள்.

"எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குதுக்கா. நீ விழற மாதிரி எனக்கு விழ வராது."

சிலேட்டில் எழுதினேன்: என்னை மாதிரி விழாதே. உன்னை மாதிரி விழு.

"அதெல்லாம் எழுதறதுக்கு நல்லா கீது" என்றாள்.

கூடத்தில் பாயைச் சுருட்டிவிட்டு ஒத்திகை. நான் கையால் தாளம் போட, அவள் கத்த. நன்றாகக் கத்துகிறாள். வயிற்றிலிருந்து வருகிறது. பொறாமை இல்லை என்று எழுத முடியாது.

சே. சரியில்லை. இரண்டு நாளாக டிரிப் முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. சிக்னல் கிடைக்கிற புளியமர வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு நிற்கிறாராம். பரிமளா வரும்போது பார்த்திருக்கிறாள். ஏன் என்று சிலேட்டில் கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல ஜெயா. வண்டி சூடாவுது, ஆற வுட்டேன்" என்றார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவினார்.

வைகாசி 16, வெள்ளி

நல்ல கட்டிதான். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. மூன்று தடவை எழுதலாம் போல இருக்கிறது.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

பத்து மணிக்கு இருவரும் புளியமர வளைவுக்குப் போனோம். சே. போனை ஜீப் பானெட் மேல் வைத்தார். நான் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தேன். கீழே பஸ் ஏறி வருகிற சத்தம். ஏலகிரிப் பக்கம் வெயில். போன் அடித்தது. சே. எடுக்கவில்லை. எடுக்கமுடியவில்லை. நான்தான் பச்சையை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அவர் வாய்க்கு நேராக நீட்டினேன்.

டாக்டர்: "ஜெயந்தி வீட்டுக்காரரா? ரிப்போர்ட் வந்துடுச்சு. பயப்படற மாதிரி எதுவும் இல்ல. கான்சர் இல்ல. திங்கக்கிழமை கூட்டிட்டு வாங்க."

"செரிங்க. செரிங்க. செரிங்க" என்றார் சே. டாக்டர் போனை வைத்த பிறகும் ஒரு செரிங்க.

அப்புறம் தரையில் உட்கார்ந்துவிட்டார், ஜீப் சக்கரத்தில் சாய்ந்து. இருபது வருஷமாகக் கூட வாழ்கிற ஆள். இப்படி அழுது பார்த்ததில்லை.

"ஆபரேசன் அன்னிக்கே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டாரு. பாக்க நல்லா இல்ல, எதுக்கும் மனச தயார் பண்ணிக்கங்கன்னு. உங்கிட்ட எப்படிச் சொல்றது? வூட்டுக்கு வந்தா என் மூஞ்சியப் பாத்து நீ கண்டுபுடிச்சிடுவ. அதான் இங்கியே நின்னுக்கிட்டிருந்தேன்."

நான் டேங்க்காரனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்க, அவன் என் வீட்டில்தான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவியிருக்கிறான்.

கோபம் வந்தது. கத்த முடியாது. கையில் நறுக்கென்று கிள்ளினேன். "ஆ" என்றார். இன்னொன்று கிள்ளினேன். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மேலே வந்த பஸ் கண்டக்டர் எட்டிப் பார்த்து, "வண்டி பிரேக்டவுனா சேகரு?" என்றார். "இல்லண்ணே, நல்லா கீது" என்றார் சே., மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மாலை உளுந்து வடை. நானே சுட்டேன். எண்ணெய் அதிகம்.

வைகாசி 17, சனி

தி.பத்தூர். வெயில் கொளுத்துகிறது. மலையிலிருந்து இறங்கினால் அடுப்பில் இறங்குவது போலத்தான்.

பரிமளா நன்றாக வாசித்தாள். நேற்று ராத்திரி கடைசிப் பக்கத்தை மாற்றி எழுதியிருந்தேன். பழைய நாயகன் எல்லாருக்கும் முன்னால் விழுகிறான். அவனுக்காக அழ ஆள் இருக்கிறது. புது நாயகன் யாருக்கும் தெரியாமல் விழுகிறான். தான் விழுவது மற்றவர் மேல் பட்டுவிடக்கூடாது என்பதுதான் அவன் கவலை. ராஜாவைக் கெடுத்தது அவன் திமிர். டேங்க்காரனைக் கெடுத்தது? அவன் பாசம் என்று எழுதினேன். சரியா தெரியவில்லை. கொஞ்சம் பயமும்தான்.

ஒரு பையன்: "அவன் சாகவே இல்லியே மேடம். அது எப்படி சோக நாடகம்?"

சிலேட்டைக் கீழே வைத்தேன். எழுந்து நடுவில் போய் நின்றேன். முதலில் ராஜா. கிரீடம் இல்லை, வசனம் இல்லை. வெறும் உடம்பால் கையை ஓங்கி, சுற்றி, விழுந்தேன். அப்புறம் எழுந்து புடவையைத் தட்டிவிட்டு டேங்க்காரன். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டேன். மேலே டேங்கைப் பார்த்தேன். குடத்தோடு நிற்பவர்களைப் பார்த்துச் சிரித்தேன். திரும்பி, உட்கார்ந்தேன்.

முன் வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கேட்டது: "அந்தாளு கிட்ட யாருமே இன்னா ஆச்சுன்னு கேக்கலியா மேடம்?"

கடைசி வரிசையில் சே. ஜீப் சாவியைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். கரும்பலகையில் 'கேட்டார்கள். அவன் சொல்லவில்லை' என்று எழுதினேன். பிறகு அழித்துவிட்டு, 'இரண்டாம் தடவை கேட்கவில்லை' என்று எழுதினேன்.

கேசரி, காபி. ஒரு சால்வை.

குரல் இல்லாமலும் நடிக்க வருகிறது எனக்கு.

வைகாசி 18, ஞாயிறு

ஒடுகத்தூர் பக்கம். விடியலுக்கு முன்னால் பரிமளாவுக்கு நான்தான் வேஷம் கட்டினேன். அரிதாரம், புருவம், மீசை. தோள்கட்டையை இறுக்கும்போது, "மூச்சு முட்டுதுக்கா" என்றாள். முட்டத்தான் வேண்டும் என்று தலையாட்டினேன்.

முதன்முறையாக சனத்தோடு மண்ணில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டு வருஷம் நான் விழுந்திருக்கிறேன். விழுவதைப் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "போவாதடா, அங்க போவாதடா" என்று ராஜாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவு தெரிந்தவள்தான். போன வருஷமும் வந்திருப்பாள்.

பரிமளா என்னை மாதிரி விழவில்லை. நான் மரம் சாய்வது போல விழுவேன். அவள் முதலில் மண்டியிட்டு, சுற்றி இருப்பவர்களை ஒரு முறை பார்த்து, அப்புறம் படுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தொண்டை இறுகினால் இறுகட்டும்.

கொஞ்சம் பொறாமை. நிறைய இல்லை.

வைகாசி 19, திங்கள்

வேலூர். ஆஸ்பத்திரியில் கூட்டம். கண்ணமங்கலத்திலிருந்து வந்த ஒரு அம்மா தன் மருமகள் குறை முழுவதையும் என்னிடம் சொன்னார். பதில் பேசாத ஆள் கிடைப்பது அரிது.

டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார். புண் ஆறிவிட்டது. "ஆ சொல்லுங்க."

சொன்னேன். சொரசொரவென்று, கீழே இறங்கிய ஒரு ஆ. யாரோ போல.

"பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தலாம், மெதுவா. கூத்துக்கு மட்டும் அவசரப்படாதீங்க. அந்த உச்சம் திரும்ப வரலாம், வராமயும் போலாம். சொல்ல முடியாது."

செரிங்க என்று தலையாட்டினேன். பழக்கம்.

வெளியே வந்தேன். வராந்தா பெஞ்சில் சே. உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தபடி எழுந்து, "டீ சாப்டலாமா?" என்றார். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கை மட்டும் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"பயந்துட்டீங்களா?" என்று அந்தச் சொரசொரக் குரலிலேயே கேட்டேன்.

"இல்லியே" என்றார்.

"பயந்துட்டீங்களா?" என்று மறுபடியும் கேட்டேன்.