பேசி ஆடியிருக்கலாம், மாப்ளே

என் பிரியமான மாப்ளே,

அந்த செஸ் மெஷின் போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கே வந்துவிட்டது. தோட்டத்து முதலாளிக்கு அது சலித்துப்போய்விட்டதாம். "வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ" என்றார். மடியில் வைத்துக்கொண்டு போடிமெட்டு மலை இறங்கினேன். உன் ஜீப்பை இப்போது வேறு ஆள் ஓட்டுகிறான். வளைவுக்கு வளைவு உன்னைத்தான் தேடினேன்.

முதலாளி அதைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? "இந்த மலையில இத ஜெயிக்க ஆளில்ல" என்று அவர் சொன்னதும் உனக்கு ரோஷம் வந்துவிட்டது. "மச்சான், ரெண்டு பேரும் பேசி ஆடுவோம்" என்று என் காதில் சொன்னாய். நான்தான் பெரிய நியாயஸ்தன் ஆயிற்றே! தோட்டத்து ஆட்களை ஏற்றக் காத்திருக்கும் நேரத்தில் உன் ஜீப் பானட் மேல் செஸ் அட்டையை விரித்து ஆடிய காலத்திலிருந்தே நமக்கு ஒரே சட்டம், பக்கத்தில் நிற்பவன் வாய் திறக்கக் கூடாது. "ஒத்தைக்கு ஒத்தைதான்டா மரியாதை" என்றேன்.

பொழுது சாயும் வரை நீ தனியாகத் தாக்குப்பிடித்தாய். அதன் மந்திரி உன் யானையைக் குறிவைத்து நிற்பதை நான் பார்த்தேன். நீ பார்க்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மெஷினின் சிவப்பு விளக்கு மினுக்கி அதன் நகர்வைக் காட்டியது. யானை போயிற்று, பின்னாலேயே ஆட்டமும் போயிற்று.

மலை இறங்கும்போது கேட்டாய்.

"நீ பாத்தேல்ல மச்சான்?"

"பாத்தேன்."

"அப்பறம் ஏன் சொல்லல? அந்தப் பொட்டிய ஒத்த ஆளா செஞ்சான்? எத்தனை பேரு கூடிப் பேசி வச்சானுகளோ. நாம ரெண்டு பேரு பேசுனா மட்டும் தப்பா?"

மாப்ளே, அன்று நான் பார்த்தது யானையை மட்டுமல்ல. உன் கண் மஞ்சளாக இருந்தது. தூக்கம் கெட்ட கண் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி அதையும் விழுங்கிவிட்டேன். ஒரே மாதத்தில் காமாலை முற்றி நீ போய்விட்டாய். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அந்த ஞாயிறு உன் வீட்டில் மெஷினோடு ஆட உட்கார்ந்தேன். என் தங்கை, உன் பெண்டாட்டி, முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அண்ணே, அந்தக் குதிரைய நகத்தாத. பின்னால ராணி வெட்டுப்படும்ல" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஒனக்கு ஆடத் தெரியுமா?"

"வீட்டுல நீங்க ரெண்டு பேரும் ஆடுறத இத்தனை வருசமா பாத்தவதான. யாரப் பேச விட்டீக?"

முறத்தைத் தள்ளிவைத்துவிட்டு அவளை என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். பேசிப் பேசி ஆடினோம். தோற்றுத்தான் போனோம். நீயும் கூட இருந்திருந்தால் ஒரு கை பார்த்திருக்கலாம் என்று ஏங்கிவிட்டது மனசு.

ஆட்டத்துக்கு நடுவில் அவள் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினாள். "ஒண்ணுமில்லண்ணே, ஏலக்காய்த் தூசி" என்றாள். "இல்லத்தா, ஒரு வாரமா பாக்குறேன். நாளைக்கு வெரசா கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

கூட்டிப்போய்க் காட்டிவிட்டேன். மருந்து சாப்பிடுகிறாள், இருமல் குறைந்திருக்கிறது. இனி பார்த்ததைச் சொல்லாமல் நிற்கவே மாட்டேன், மாப்ளே. உன்மேல் சத்தியம்.

உன்னிடம் மட்டும் சொல்லாமல் விட்ட,
உன் மச்சான்