ஆந்தைக் கூட்டின் படம்

அன்பு மகளே,

அன்று மரத்தடியில் இருந்தது நான், அப்பா, நீ, உன் வீட்டுக்காரர், நாலே பேர். அப்பா ஆந்தைக் குஞ்சுகளைப் படமெடுத்தார். அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து எங்கள் படங்களை இணையத்தில் ஏற்றித் தருபவர் மாப்பிள்ளைதானே. "இடத்தை மட்டும் போட்டுடாதீங்க மாப்பிள்ளை, கூட்டம் வந்துரும்" என்று அப்பா உன் எதிரிலேயே சொன்னார். மாப்பிள்ளை இடத்தையும் சேர்த்தே போட்டுவிட்டார்.

நேற்றிலிருந்து மரத்தைச் சுற்றி கேமராக் கூட்டம். தாய் ஆந்தை கூட்டுக்கு வரவில்லை. அப்பா அங்கேயே உட்கார்ந்து விரட்டுகிறார். "முதல்ல அதுங்க சாப்பிடட்டும்டி" என்று மாத்திரையையும் தள்ளிவிட்டார். ஆபரேஷன் செய்த நெஞ்சு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போனில் பேசினால் உன் வீட்டுக்காரர் காதில் விழும் என்று, உங்கள் தெருப் பக்கம் வரும் தையல்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இணையத்திலிருந்து படத்தை உடனே நீக்கிவிட்டு நீ வா. நீ கூப்பிட்டால் அப்பா எழுந்து வருவார்.

கல்யாணப் படத்தை ஏற்றும்போது அவர் என் தலையை வெட்டியதையே நான் இன்னும் மறக்கவில்லை. இதற்கு உன் வீட்டுக்காரரை மன்னிக்கவே மாட்டேன்.

உன் அம்மா